காயும் கனியும் கறியும்: உணவுப் பாகுபாடு ஒன்றின் வரலாறு

பழம் எது, காய்கறி எது என்ற வினாவுக்குத் தாவரவியல் தரும் விடை, வினாவின் ஒரு பாதிக்கே பொருந்துகிறது. பூவின் அடியில் சூல்களைப் பொதிந்து வைத்திருக்கும் சூலகம் என்னும் உறுப்பு, மகரந்தச் சேர்க்கைக்குப் பின் பருத்து முதிர்ந்து விதைகளைத் தாங்கி நிற்கும்போது அதைக் கனி என்று அத்துறை அழைக்கிறது. ஜெர்மானியரான ஜோசப் கேர்ட்னர் 1788-இல் வெளியிடத் தொடங்கிய பெருநூல், பல நூறு தாவரங்களின் கனிகளையும் விதைகளையும் அறுத்துப் பார்த்து விளக்கி, இந்தப் பார்வைக்கு அடித்தளமிட்டது. இவ்வரையறைப்படி கத்தரி, வெண்டை, முருங்கை, பாகல் ஆகியவையும், நெற்கதிரின் ஒவ்வொரு மணியும்கூடக் கனிகளே. காய்கறி என்பதற்கோ தாவரவியலில் வரையறை கிடையாது. முள்ளங்கி வேர், வாழைத்தண்டு தண்டு, அரைக்கீரை இலை, வாழைப்பூ பூ, புடலங்காய் கனி. இவை அனைத்தையும் ஒரே கூடையில் சேர்ப்பது சமையலறையும் சந்தையும்தானே ஒழிய, செடிகளுக்குள் உள்ள உறவு அன்று. ஆகவே இப்பாகுபாட்டின் வரலாற்றை அடுப்பங்கரையிலும் கோயில் மடைப்பள்ளியிலும் அங்காடியிலும் அரசின் வரிக்கணக்கிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தேடும்போது தமிழகம் தனிக் கவனத்துக்கு உரியதாகிறது. ஐரோப்பிய மொழிகளின் வழக்கில் ஒரு செடியின் விளைபொருள் முழுவதும் பழம் என்றோ முழுவதும் காய்கறி என்றோ பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட, தமிழர் வழக்கில் கோடு செடிகளுக்கு நடுவே விழாமல், ஒரே காம்பில் தொங்கும் ஒன்றின் இளமைக்கும் முதிர்ச்சிக்கும் நடுவே விழுந்தது. மாங்காய் காய்கறி, மாம்பழம் பழம். வாழைக்காய் பொரியலுக்கு, வாழைப்பழம் பூசைக்கு. இன்று மிக இயல்பாகத் தோன்றும் இந்த வழக்குக்கு ஈராயிரம் ஆண்டு அளவிலான சான்றுகள் உள்ளன. அவற்றைத் தொடர்ச்சியாக வைத்துப் பார்த்தால், உணவுப் பொருளைப் பெயரால் அறியாமல் பருவத்தால் அறிந்த ஒரு மக்களின் நுண்ணிய பழக்கம் தெரியவரும்.

தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. பனை, தெங்கு, மூங்கில் போன்று வெளிப்புறம் வயிரம் பாய்ந்து உள்ளே மென்மையாக இருப்பவை புல் என்றும், உள்ளே வயிரம் கொண்டவை மரம் என்றும் அது வகுத்து, ஒவ்வொன்றின் உறுப்புகளுக்கும் உரிய பெயர்களைத் தனித்தனியே தருகிறது. மடல், ஓலை, ஈர்க்கு, பாளை, குலை போன்றவை புல்லுக்கும், இலை, தளிர், முறி, குழை போன்றவை மரத்துக்கும் உரியவை. ஆனால் காய், பழம், தோல் முதலான சில பெயர்களை மட்டும் அந்நூல் இரண்டுக்கும் பொதுவாக வைக்கிறது. எவ்வகைத் தாவரமாயினும் அதன் விளைபொருள் காய் என்ற நிலையைக் கடந்தே பழம் என்ற நிலைக்கு வரும் என்ற எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது. தென்னைக்குப் பழம் உண்டு என்று இன்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் சீவக சிந்தாமணி, ஏமாங்கத நாட்டின் வளத்தைக் கூறுமிடத்தில், நெற்றாகி மரத்திலிருந்து தானே விழும் தேங்காயைப் பழம் என்றே குறிக்கிறது. முற்றிக் காம்பை விட்டது எதுவோ அது பழம் என்ற பழைய நோக்கு அங்கே தெரிகிறது. யாப்பிலக்கணமும் இந்த இணையை எடுத்துக்கொண்டது: மூவசைச் சீர்களில் நேரசையில் முடிவனவற்றுக்குத் தேமாங்காய், புளிமாங்காய் முதலிய வாய்பாடுகளும், நிரையசையில் முடிவனவற்றுக்குத் தேமாங்கனி, புளிமாங்கனி முதலியவையும் அமைந்து, காய்ச்சீரை ஏற்கும் வெண்பா கனிச்சீரை ஏற்காது என்ற விதி மாணவர் தலைமுறைகள் பலவற்றுக்கு மனப்பாடமாகியது.

பருவத்துக்குப் பருவம் பெயர் வைக்கும் வழக்கம் இலக்கணத்தோடு நிற்கவில்லை. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னை பனைகளின் பிஞ்சு குரும்பை, வாழையின் பிஞ்சு கச்சல் என்று தொடங்கி, காய்க்கும் பழத்துக்கும் இடைப்பட்டது செங்காய் என்றும், காலத்துக்கு முன் சூட்டால் நிறம் மாறியது வெம்பல் என்றும், மிகப் பழுத்துக் குழைந்தது அளியல் என்றும் பெயர்கள் நீளும். இச்சொற்கள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல என்பதும் கருதத்தக்கது. வடு ஊறுகாய்க்கும், மூசு கறிக்கும், செங்காய் வைக்கோலில் புதைத்துப் பழுக்க வைப்பதற்கும் உரியது. வெம்பல் எதற்கும் ஆகாது. பெயரைச் சொன்னாலே பொருள் எந்த அடுப்புக்கு அல்லது எந்தக் கூடைக்குப் போகும் என்பது தெரிந்துவிடும்.

சங்க இலக்கியத்தில் காயைச் சமைத்த முறை பற்றிய மிகத் தெளிவான சான்று பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியில் அந்தணர் இல்லங்களில் கிடைக்கும் உணவு சொல்லப்படுகிறது. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை சேர்த்து, பசு மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வெம்மையுற வேகவைத்த பொரியலும், மாவடு ஊறுகாயும் அதில் இடம்பெறுகின்றன. மாதுளையைப் பழமாக மட்டுமே அறிந்திருக்கும் இன்றைய வாசகருக்கு இது வியப்பளிக்கும். அன்றைய இல்லத்தாருக்கோ பசுங்காய் நிலையில் அது கறிக்கு உரிய பொருள்.

இதே மாதுளங்காய் சிலப்பதிகாரத்திலும் வருகிறது. மதுரையின் புறஞ்சேரியில் ஆயர்குல மூதாட்டி மாதரியின் அடைக்கலத்தில் கண்ணகி தங்கியிருக்க, கோவலன் சாவக நோன்பு, அதாவது சமண இல்லறத்தார்க்குரிய விரதம், கொண்டவனாதலால் பொழுதோடு உண்ண வேண்டும் என்று கருதிய மாதரி, புதுக்கலங்களோடு சமையற்பொருள்களையும் கொடுக்கச் செய்கிறாள். பூவாமலே காய்க்கும் பாகல் என்று நூல் கூறுவதும் உரைகாரர் பலா என்று விளக்குவதுமான காய், வரிகள் ஓடிய வளைந்த வெள்ளரிக்காய், மாதுளையின் பசுங்காய் ஆகிய மூன்றும் ஒரு பக்கமும், மாங்கனியும் வாழைக்கனியும் மறுபக்கமும், இவற்றோடு சாலி அரிசியும் பால்படு பொருள்களும் அப்பட்டியலில் உள்ளன. அடுத்து வரும் அடிகள் கண்ணகியின் கைகளை அருகில் நின்று காட்டுகின்றன. வளைந்த வாயுடைய குயம் என்னும் அரிவாளில் அவள் பசுங்காய்களை அரிகிறாள், மெல்விரல்கள் சிவக்கின்றன, அடுப்பின் முன் முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. அரிவாளுக்கு வந்தவை காய்கள் மட்டுமே. அரிந்து வேகவைத்தாக வேண்டியது எது, அப்படியே இலையில் வைக்கத்தக்கது எது என்ற பிரிவு சமைப்பவர் கையில் இயல்பாக நிகழ்ந்ததை இந்த அடிகளைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லும் பழஞ்சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

இங்குள்ள தேர்வுக்குப் பின்னால் ஓர் உயிரியல் உண்மையும் உள்ளது. மா, வாழை, பலா, பப்பாளி, தக்காளி போன்றவை முற்றிய காயாகப் பறிக்கப்பட்ட பின்னும் பழுக்கக்கூடியவை. அவை தாமே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு பழுப்பை விரைவுபடுத்துகிறது. மாதுளை, எலுமிச்சை, திராட்சை, வெள்ளரி, கத்தரி போன்றவற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. கொடியிலிருந்தோ மரத்திலிருந்தோ எந்த நிலையில் பறிக்கப்பட்டனவோ, சுவையில் ஏறக்குறைய அந்த நிலையிலேயே அவை நின்றுவிடும். மாதுளையைப் பசுங்காயாகப் பறித்தவர் அதைக் கறியாக்குவதென்று முன்னமே முடிவு செய்தவர். பலாக்காயையும் மாங்காயையும் பறித்தவருக்கு அந்த முடிவைச் சில நாள் தள்ளிப்போட இடமிருந்தது.

அங்காடியில் இப்பிரிவு அத்துணைக் கடுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, கூடல் நகரின் உணவுக் கடைகளை வருணிக்கும்போது, பலாச்சுளை, தேமாங்கனி, பலவகைக் காய்கள், பழங்கள், இலைக்கீரைகள், இனிப்புக் கட்டி, இறைச்சி கலந்த சோறு, கிழங்கு என்று ஒரே வீச்சில் அடுக்கிச் செல்கிறது. தெருவில் அருகருகே இருந்தவை வீட்டுக்குள் வந்த பின்பே பிரிந்தன.

பிரிவு எழுத்தில் பதிவாகும் இடம் கோயில் கணக்கு. திருநெல்வேலிப் பகுதியின் அம்பாசமுத்திரத்தில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, பாண்டியன் வரகுண மகாராசன் 290 காசு கொடுத்து, அதன் வட்டியாக ஆண்டுதோறும் வரும் 580 கலம் நெல்லைக் கொண்டு நாள்தோறும் நான்கு வேளை திருவமுது படைக்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. அதில் அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை ஆகியவற்றோடு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று கறிகள் வகைபிரித்துச் சொல்லப்படுகின்றன. புளியிட்டது, வேகவைத்தது, பொரித்தது என்று செய்முறையால் பெயர் பெற்ற இக்கறிகள் பலம் என்னும் நிறையளவால் கணக்கிடப்பட, வாழைப்பழமோ எண்ணிக்கையால் கணக்கிடப்பட்டது. நிறுத்துக் கொடுப்பது கறிக்குரியது, எண்ணிக் கொடுப்பது பழம் என்ற இந்த வேறுபாடு, ஒன்று அரிவாளுக்கு உரியதாகவும் மற்றொன்று முழுமையோடு படைக்கப்பட வேண்டியதாகவும் இருந்ததன் நேரான விளைவு.

பழத்தின் கணக்கு எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று சான்றாகும். பிள்ளையாருக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் அமுது செய்வதற்காக முதலாம் இராசராசன் 360 காசை முதலாக வைத்து, அதைத் தஞ்சை நகரத்து அங்காடி வணிகர்களிடம் ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக 45 காசு. காசு ஒன்றுக்கு 1,200 பழம் என்ற விலையில் அது 54,000 பழத்துக்கு ஈடாகிறது. 360 நாளுக்கு நாள் 150 வீதம் தேவைப்படுவதும் அதே 54,000. ஒரு பழமும் மிகாமல் குறையாமல் வகுக்கப்பட்ட இந்தக் கணக்கில், பழம் எந்நாளும் பழமாகவே வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் மறைந்திருக்கிறது. பழுத்த வாழை சில நாளுக்கு மேல் நில்லாது. எனவே பச்சைத் தார், பழுக்கத் தொடங்கிய தார், பழுத்த தார் என மூன்று நிலைகளிலும் சரக்கு வைத்திருக்கத் தெரிந்த வணிகரால்தான் இப்படி ஓர் ஒப்பந்தத்தை ஆண்டு முழுவதும் நிறைவேற்றியிருக்க முடியும். காயைப் பழமாக்கும் தொழில் திறன் அன்றே நகரத் தெருக்களில் ஊன்றியிருந்ததை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கல்வெட்டுகளில் வரும் கறி என்ற சொல்லின் வழியும் இவ்வரலாற்றின் ஒரு கூறாதலால் சுருக்கமாகச் சொல்லப்பட வேண்டும். சங்க காலத்தில் கறி என்பது மிளகு. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கலம் கறியோடு மீண்டதை அகநானூறு கூறுகிறது. மிளகிட்டுச் சமைத்த காய்க்கும் அப்பெயர் படிந்து, சோழர் காலக் கல்வெட்டுகளில் மிளகமுது வேறு, கறியமுது வேறு என்று எழுதும் நிலை வந்துவிட்டது. காய் என்னும் பருவப்பெயரும் கறி என்னும் சமையற்பெயரும் இணைந்த காய்கறி பின்னர் இலைக்கும் வேருக்கும் பொதுப்பெயராயிற்று. தமிழகத்தின் பெரும்பகுதியில் தனித்து நிற்கும் கறி இன்று இறைச்சியைக் குறிக்க, யாழ்ப்பாணத்தில் மரக்கறி என்ற சொல் காய்கறிக்கும், அதனால் ஆன உணவுக்கும் நிலைத்துள்ளது.

16-ஆம் நூற்றாண்டு முதல் கடல்வழியே அமெரிக்கச் செடிகள் வந்தபோது, பழைய பாகுபாடு அவற்றை அதிக இடரின்றி உள்வாங்கிக்கொண்டது. மிளகின் காரத்தைத் தந்த புதுச்செடியின் விளைபொருள் மிளகாய் எனப்பட்டது; அது சிவந்து பழுத்தால் மிளகாய்ப்பழம், உலர்ந்தால் வற்றல் மிளகாய். ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்ற பெயரோடு பறங்கிக்காய் அமைந்தது. பப்பாளிக்காய் கூட்டுக்கும் பப்பாளிப்பழம் உண்பதற்கும் என்று பிரிந்தன. தக்காளி என்பது மணத்தக்காளி முதலிய நாட்டுச் செடிகளுக்கு வழங்கிய பெயர். அது புதியதற்கு நீட்டப்பட்டு, சீமைத்தக்காளி என்று சில காலம் வழங்கி, பின் அடைமொழி உதிர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் வாட் தொகுத்த இந்தியப் பொருளாதாரத் தாவர அகராதி, தக்காளி இந்நாட்டில் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்பட்டதாகக் கூறுகிறது. அதன் பின் அது ரசத்திலும் குழம்பிலும் புகுந்த வேகம் பெரிது. ஆயினும் இன்றும் காய்கறிக் கடையில் நின்று தக்காளிப்பழம் வேண்டும் என்று கேட்பவர் எந்த முரண்பாட்டையும் உணர்வதில்லை. பச்சையாக இருப்பதைத் தக்காளிக்காய் என்று பிரித்துக் கேட்டு வாங்கிக் கொத்சு செய்வோரும் உண்டு.

முழுதும் புதியவையாக வந்தவை மலைக்காய்கறிகள். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறி, பின் உதகையில் குடியமர்ந்து, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலியவற்றின் சாகுபடிக்கு வித்திட்டார். இன்று புகழ்பெற்ற உதகைத் தாவரவியல் பூங்காவின் தொடக்கமே, 1840-களில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் நியாய விலையில் காய்கறி பெறுவதற்காகச் சந்தா சேர்த்து நடத்திய தோட்டந்தான். 1848-இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்ற பின்பே அது பூங்காவாக உருப்பெற்றது. இச்சரக்குகள் சமவெளிக்கு இறங்கியதும், சந்தை மொழியில் நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்ற புதிய பிரிவு எழுந்தது. பருவத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய கோட்டுக்குக் குறுக்கே விழுந்த இரண்டாம் கோடு இது.

இரண்டாம் கோட்டை மிக உறுதியாகக் காத்துவருவது சிராத்தச் சமையல். முன்னோர்க்குப் படைக்கும் அந்நாளில் வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை ஆகியவை அடுப்பேறும். தக்காளியும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் விலக்கப்படும். மிளகாய்க்குப் பதில் மிளகு இடப்படும். சடங்கின் உட்பொருளை எவ்வாறு கொண்டாலும், ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட தமிழ்நாட்டுச் சமையலறையின் சரக்குப் பட்டியலை ஏறக்குறையச் சிதையாமல் வைத்திருக்கும் ஆவணமாக இவ்வழக்கம் மதிக்கத்தக்கது. அந்தப் பட்டியலிலும் வாழை இரண்டு இடத்தில் வரும்: கறியில் காயாக, இலையின் ஓரத்தில் பழமாக.

காயும் பழமும் ஒன்றன் இரு நிலைகள் என்ற எண்ணம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நியூயார்க் துறைமுகம் காட்டுகிறது. 1883-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு 10 சதவீதத் தீர்வை விதித்து, பழங்களுக்கு விலக்களித்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 1886-இல் தக்காளி வரவழைத்த ஜான் நிக்ஸ் குடும்ப வணிகத்தாரிடம் துறைமுகச் சுங்க அதிகாரி எட்வர்ட் ஹெட்டன் அந்தத் தீர்வையைப் பெற்றார். தக்காளி தாவரவியல்படி பழம் என்று கூறி, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு நிக்ஸ் தரப்பு 1887-இல் வழக்குத் தொடுத்தது. விசாரணையில் அகராதிகளே முதன்மைச் சான்றாயின. பழம் என்ற சொல்லின் பொருளை வாதி தரப்பு படிக்க, எதிர்த்தரப்பு பட்டாணி, கத்தரி, வெள்ளரி, மிளகாய் ஆகியவற்றின் பொருளைப் படிக்க, வாதி தரப்பு மறுபடியும் எழுந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் ஆகியவற்றைப் படித்தது. காய்கனி வணிகத்தில் நெடுங்காலம் பழகிய இருவர் சாட்சி சொன்னார்கள்; அச்சொற்களுக்குத் தொழிலில் தனிப்பொருள் எதுவும் இல்லை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1893 மே 10-இல் நீதிபதி ஹொரேஸ் கிரே தீர்ப்புரைத்தார். தாவரவியலில் தக்காளி கொடியின் கனியே ஆயினும், மக்கள் வழக்கில் அது தோட்டத்தில் விளைந்து, உணவின் முதன்மைப் பகுதியோடு பரிமாறப்படுவது, பழங்களைப் போல இறுதியில் இனிப்பாக உண்ணப்படுவது அன்று. எனவே அது காய்கறி என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

இத்தீர்ப்பு அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. ஆனால் அதன் மூலத்தில் உள்ள ஒரு தொடரைப் பலரும் கவனிப்பதில்லை. விலக்குப் பெற்ற பழங்களை அச்சட்டம் குறிப்பிடும்போது, பச்சையாயினும் பழுத்தனவாயினும் உலர்ந்தனவாயினும் என்று மூன்று நிலைகளையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்ச் சமையலறை காய், பழம், வற்றல் என்று மூன்று வேறு பொருள்களாகக் கண்ட இடத்தில், சட்டம் ஒரே பொருளைக் கண்டது. நிலை வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே துடைத்துவிட்ட பின், செடியின் பெயர் ஒன்றே பிடியாக மிஞ்சியது. அந்தப் பெயரை எந்தப் பக்கம் எழுதுவது என்பதற்குத்தான் அகராதிகளும் உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டன. நீதிபதி கிரே இறுதியில் உணவு மேசையை நோக்கித் திரும்பியது சரியான திசையே. ஆனால் மேசைக்கு வருவது தக்காளி என்ற பெயர் அன்று, குறிப்பிட்ட பருவத்தில் பறிக்கப்பட்ட பொருள் என்ற உண்மைக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

காய் பழமாகும் வினையைத் தமிழக வணிகர்கள் அறிவியலுக்கு முன்பே கையாண்டுவந்தார்கள். வாழைத்தார்களை அடைத்த அறையில் அல்லது குழியில் அடுக்கி, சருகையும் வைக்கோலையும் புகையவிட்டு மூடிவைப்பது மூட்டம் போடுதல் எனப்படும். மாங்காயை வைக்கோலில் புதைப்பது மற்றொரு முறை. புகையிலும், மூடிய இடத்தில் தேங்கும் காயின் மூச்சிலும் உள்ள எத்திலீனே இவற்றில் வேலை செய்கிறது. விளக்கு வாயுவால் செடிகள் திரிபடைவதற்கு எத்திலீனே காரணம் என்று ருஷ்ய அறிவியலாளர் திமித்ரி நெல்யுபோவ் 1901-இல் காட்டினார். ஆப்பிள்கள் தாமே அவ்வாயுவை உண்டாக்குகின்றன என்று இங்கிலாந்தில் கேன் என்பவர் 1934-இல் மெய்ப்பித்தார். மூட்டத்தின் பொறுமையைக் குலைத்தது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அசெட்டிலீன் வாயுவை விடும் அந்தக் கல், முற்றாத காயின் தோலையும் மஞ்சளாக்கிவிடும். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளும் கலந்திருப்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடைசெய்து, எத்திலீன் வாயுவை அளவோடு செலுத்துவதை மட்டும் அனுமதிக்கின்றன. கல் வைத்த பழம் என்று மக்கள் வெறுத்துச் சொல்வது, பழைய மொழியில் வெம்பல். தோலால் பழமாகவும் சதையால் காயாகவும் நிற்கும் அது, அடுப்புக்கும் கூடைக்கும் உதவாமல் போன பொருள்.

இன்று உலக வணிகம் முழுவதும் பின்பற்றும் சுங்கப் பட்டியல் 1988-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் சுங்கப் பட்டியலும் அதன் அமைப்பையே கொண்டது. அதில் 7-ஆம் அத்தியாயம் காய்கறிகளுக்கும் 8-ஆம் அத்தியாயம் பழங்களுக்கும் கொட்டைகளுக்கும் உரியவை. தக்காளி, கத்தரி, வெள்ளரி, பச்சை மிளகாய் ஆகியவை 7-இல் இருக்கின்றன. வெள்ளரியின் குடும்பத்தையே சேர்ந்த தர்பூசணி 8-இல் இருக்கிறது. மிளகாய் உலர்ந்துவிட்டால் மசாலாப் பொருள்களோடு 9-க்குப் போய்விடுகிறது. தமிழ்ச் சமையலில் குழம்பின் உயிராக உள்ள புளி பழங்களுக்கு நடுவே எண் பெற்றிருக்கிறது. வாழை முழுவதும் 8-ஆம் அத்தியாயத்தில் அடக்கம். அதற்குள்ளேயே இந்தியப் பட்டியல், கறிக்குரிய வாழை என்று வாழைக்காய்க்குத் தனி உட்பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. பழங்களின் அத்தியாயத்துக்குள் கறி என்ற சொல் நுழைந்திருப்பது, செடியின் பெயரால் மட்டும் வகுத்துவிட முடியாது என்பதைப் பட்டியல் எழுதியவர்களும் உணர்ந்ததன் அடையாளமாகவே தோன்றுகிறது.

அதே தலைப்பின் கீழ்தான் தேனி மாவட்டத்தின் ஜி-9 வாழையும் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. முற்றிய பச்சைக் காயாக வெட்டப்பட்டு, சீப்புச் சீப்பாகக் கழுவிப் பெட்டியில் அடுக்கப்பட்டு, ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் குளிரில் அது பயணம் செய்கிறது. வெப்பம் அதற்கு மிகக் குறைந்தால் தோல் கறுத்துப் பின் சரியாகப் பழுக்காது, கூடினால் கடலிலேயே பழுத்துவிடும். துறைமுகத்தை அடைந்த பின் எத்திலீன் அறையில் வைக்கப்பட்டுச் சில நாளில் மஞ்சளாகிக் கடைக்குச் செல்கிறது. புறப்படும்போதும் சென்று சேரும்போதும் ஆவணத்தில் அது பழமே. வெட்டுபவரும், கழுவி அடுக்குபவரும், குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைக் கவனிப்பவரும் அதைக் காய் என்றே சொல்கிறார்கள். அதைக் காயாகவே காத்துக் கரைசேர்ப்பதில்தான் அவர்களது தொழில் அடங்கியிருக்கிறது.